பெருக்கிவிட்டுப் போன திருடன்

"திருடன் பெருக்கிட்டுப் போயிருக்கான் அண்ணி," என்றாள் நாத்தனார்.

அண்ணி காலி அறையின் நடுவில் குந்தி உட்கார்ந்து தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற துப்பறிவாளர்கள் காலடித் தடம் தேடுவார்கள். இங்கே தடம் கிடக்கட்டும், தடம் பதிய ஒரு சிட்டிகை தூசிகூட இல்லை.

"பெருக்கினதோட நிறுத்தலை. துடைச்சும் விட்டிருக்கான்," நாத்தனார் விடுவதாக இல்லை. "ஆள் கிடைச்சா போலீஸ்ல கொடுத்துடாதீங்க. வாரம் ஒரு தடவை நம்ம வீட்டுக்கு வந்து திருடச் சொல்லுவோம்."

"வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு அந்த அலமாரியைப் பாரு."

நாத்தனார் வாயை மூடாமலே அலமாரியைப் பார்த்தாள். திருகாணிகள் அளவுவாரியாக ஜாடிகளில் நிரம்பியிருந்தன. பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசை பிசகவில்லை. மின்கம்பி அழகாகச் சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. அறையைத் திறந்தபோது விளக்கும் விசிறியும் அணைந்தே இருந்தன என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"கரண்ட் பில்லுக்குக்கூடக் கவலைப்பட்டிருக்கான். கல்யாணம் ஆனவன் அண்ணி. வீட்டுல நல்லா பழக்கி வச்சிருக்காங்க."

வாசலில் நின்றிருந்த குடைக் கம்பெனி முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற, திருட்டுப் பழி விழுந்தவரின் மாமியாருக்கும் வரவில்லை.

அண்ணியும் நாத்தனாரும் நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு வாசல் பலகையில் கம்பீரமான பெயர் ஒன்று உண்டு. அதை ஒருவரும் சொல்வதில்லை. 'அண்ணி நாத்தனார்கிட்ட விட்டுடு, கண்டுபிடிச்சிடுவாங்க' என்பதுதான் ஊர்ப் பேச்சு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு சர்க்கரை டப்பாவை ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தி ஒளித்து, அதை மற்றவள் கண்டுபிடித்து, அந்த அனுபவத்திலேயே தொழிலுக்கு வந்தவர்கள். ஒருத்திக்குக் கணவராகவும் இன்னொருத்திக்கு அண்ணனாகவும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் இந்தக் கதையில் வரமாட்டார். அவராவது நிம்மதியாக இருக்கட்டும்.

விஷயம் இதுதான். குடைக் கம்பெனியும் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. உற்பத்தியை எப்படித் திட்டமிட்டால் நஷ்டம் குறையும் என்று பல்கலைக்கழகம் யோசித்துச் சொல்ல வேண்டும், கம்பெனி செய்து பார்க்க வேண்டும். அதில் பிறந்ததுதான் 'பேய்க்காற்று'. தொழிலாளர்கள் வைத்த பெயர். குடைக்குத் துணி தைப்பதற்கு முன்பே வெறும் கம்பிக்கூட்டை அந்த இயந்திரத்தில் மாட்டினால், அது விரித்து, மடக்கி, காற்றடித்து, எந்தக் கம்பி மழையில் மானத்தை வாங்கும் என்று சொல்லிவிடும். தைத்து முடித்து, கடைக்கு அனுப்பி, வாங்கினவர் நனைந்து, திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்து போடும் பழைய வழி இனி வேண்டாம். அந்த ஒரே ஒரு இயந்திரத்தைத்தான் காணவில்லை.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" முதலாளி எரிச்சலோடு கதவைக் காட்டினார். "ரெண்டு பூட்டு. ஒண்ணு எங்களுது, ஒண்ணு பல்கலைக்கழகத்துது. எங்க சாவி என்கிட்ட. அவங்க சாவி பேராசிரியர் அம்மாகிட்ட. ரெண்டுக்கும் மாத்துச் சாவி வச்சிருக்கிறது ஒரே ஒரு ஆளு. பூட்டு உடையலை. திறந்து, எடுத்து, திரும்பவும் பூட்டியிருக்கு. எதிர்க் கம்பெனிக்கு வித்துட்டார். வேற என்ன?"

"ஒரு அறைக்கு எதுக்கு ரெண்டு பூட்டு?" என்று கேட்டாள் அண்ணி.

"சேர்ந்து செய்யற வேலை இல்லையா?"

"ஓ," என்றாள் நாத்தனார். "அவ்வளவு ஒற்றுமை."

"மதியச் சாப்பாடு முடிஞ்சதும் மேலிடத்துக் குழு மெஷினைப் பார்க்க வருது. அவங்க வர்றதுக்குள்ள மெஷின் வரலைன்னா ஆளைப் போலீஸ்ல ஒப்படைச்சிடுவேன். அவரோட ஆராய்ச்சிப் பதிவையும் ரத்து பண்ணிடறதாப் பேராசிரியர் அம்மா சொல்லியாச்சு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை."

இப்போது மாமியார் முன்னால் வந்தார். அண்ணியையும் நாத்தனாரையும் வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான். சந்தேகத்துக்கு ஆளானவர் அவருடைய மாப்பிள்ளை.

"எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். மாப்பிள்ளை திருடன்னா சொல்லிடுங்க, சாயங்காலமே பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன். திருடன் இல்லைன்னா அதையும் சொல்லிடுங்க." முதலாளியை மேலும் கீழும் பார்த்தார். "இவரை நான் பார்த்துக்கறேன்."

முதலாளி ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

* * *

மாப்பிள்ளையைக் காவலாளி அறையில், ஆடுகிற முக்காலி ஒன்றில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தவர், திடீரென்று படிப்பு ஆசை வந்து, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, இதே கம்பெனிக்குத் திரும்பி வந்து பேய்க்காற்றைக் கட்டியவர். கம்பெனியில் அவரை 'வாங்க வாத்தியாரே' என்பார்கள். பல்கலைக்கழகத்தில் 'பட்டறைக்காரர் வந்துட்டார்' என்பார்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவாக அமைந்த பட்டப்பெயர் 'பாலம்'. இரண்டு பக்கத்து ஆட்களும் அவர்மேல்தான் நடந்து போனார்கள்.

"மெஷின் காணாமப் போன வாரம் எங்க இருந்தீங்க?" அண்ணி கேட்டாள்.

"பெயர்ப் பலகை எழுதப் போயிருந்தேங்க. வெளியூர்."

"ஒரு வாரமாவா?"

பாலம் பெருமூச்சு விட்டார். "மெஷினுக்கு மேல மாட்டற பலகை. அம்மா பேரும் முதலாளி பேரும் சமமா வரணும். அம்மாவுக்கு நீளமான பேரு, முதலாளிக்குக் குட்டிப் பேரு. ஒரே அளவு எழுத்துல எழுதினா அம்மா பேரு அதிக இடம் பிடிக்குதுன்னு இவரு ஒத்துக்கலை. இடத்தைச் சமமாக்கினா இவரு எழுத்து பெருசாத் தெரியுதுன்னு அவங்க ஒத்துக்கலை. எழுதி எழுதி அழிச்சு, பெயிண்டர் கடைசியில என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்த ஆரம்பிச்சுட்டார்."

"பலகையில உங்க பேரு?"

"எனக்கு எங்கங்க இடம்?" என்றார் பாலம். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். நாத்தனாருக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"போகும்போது அறையை எப்படி விட்டுட்டுப் போனீங்க?"

"மெஷினுக்குப் பலகை மூடி போட்டு, குடைத் துணியில உறை மாட்டிட்டுப் போனேன். தூசி படக்கூடாது பாருங்க."

"திருகாணியெல்லாம்?"

"அது எங்கேயாவது கிடக்கும். மேஜை மேல, மேஜை கீழே, என் சட்டைப் பையில."

"அப்ப பெருக்கித் துடைச்சது நீங்க இல்லை."

"இவரு பெருக்கறதா!" இது வாசலிலிருந்து மாமியார். "சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மறந்துட்டு, வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி அந்தத் தட்டுலதான் இருக்கும். இவருக்குத் துடைப்பம் எந்த மூலையில இருக்குன்னுகூடத் தெரியாது."

மாப்பிள்ளைக்கு ஆதரவாகத்தான் பேசிவிட்டோம் என்று அவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது. சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார்.

அண்ணி எழுந்தாள். "ஒழுங்கான திருடன். ஒழுங்கு எங்கே அதிகமா இருக்குன்னு பார்ப்போம் வா."

* * *

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கம்பெனிக் கூடத்தில் எங்கு பார்த்தாலும் ஒழுங்காகவே இருந்தது. சுத்தியல் மாட்டும் இடத்தில் சுவரில் சுத்தியல் படம். துடைப்பம் சாத்தும் இடத்தில் துடைப்பம் படம். டீ கெட்டிலிலிருந்து சைக்கிள் இருக்கைவரை எல்லாவற்றுக்கும் மிச்சக் குடைத் துணியில் தைத்த கறுப்பு உறை. தொழிலாளர்கள் நிற்க வேண்டிய இடத்தில்கூடத் தரையில் இரண்டு பாதம் வரைந்திருந்தது.

"நம்ம வீட்டுல அண்ணனுக்கு இப்படி ஒண்ணு வரைஞ்சு வைக்கலாம்," என்றாள் நாத்தனார். "சமையலறையில."

வெளிவாசல் பக்கம் கால் உடைந்த நாற்காலியும் ஓட்டை வாளியும் கிடந்தன. இரண்டிலும் சிவப்பு நாடா கட்டியிருந்தது. அண்ணி நாடாவைத் தொட்டதும் முதலாளியின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"இது எங்க புது உத்தி. பல்கலைக்கழகத்தோட சேர்ந்து போட்டது. எங்களுக்கு வேண்டாத சாமானுக்குச் சிவப்பு நாடா. அது பல்கலைக்கழகத்துக்குப் போயிடும், பிள்ளைங்க பிரிச்சுப் பார்த்துப் படிக்கும். அவங்களுக்கு வேண்டாததுக்கு நீல நாடா. அது இங்க வந்துடும், நாங்க உருக்கிக்குவோம். ஒரு துரும்புகூட வீணாகாது."

"நாடா கட்டறது யாரு?"

"சிவப்பு நான் மட்டும்தான். வேற ஒருத்தர் கை படக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீலம் அந்த அம்மா மட்டும்தான். முக்கியமான முடிவாச்சே."

அந்த நேரம் பார்த்து ஒரு சுமைத் தொழிலாளி வந்து நாற்காலியைத் தூக்கினார். அண்ணி அவரை நிறுத்தினாள்.

"அந்த ரெண்டு பூட்டு அறையில இருந்து போன வாரம் மெஷின் எதையாவது தூக்கினீங்களா?"

"மெஷினா? ஐயோ, இல்லீங்கம்மா," என்றார் அவர் பதறிப்போய். "நாங்க வேண்டாததைத்தான் தூக்கினோம்."

முதலாளி தலையாட்டினார். "நான்தான் சொன்னேனே. எங்க ஆளுங்களையெல்லாம் விசாரிச்சாச்சு."

அண்ணியின் புருவம் மட்டும் மேலே ஏறி, அங்கேயே நின்றது. அந்தப் புருவம் ஏறினால் என்ன அர்த்தம் என்று நாத்தனாருக்குத் தெரியும். சர்க்கரை டப்பா காலங்களில் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"நாடா கட்டின சாமானெல்லாம் எதுல போகும்?"

"வேன்ல. தினமும் போகும், வரும்."

"அப்ப நாங்களும் அதுலயே போறோம். பேராசிரியர் அம்மாவைப் பார்க்கணும்."

* * *

வேனின் முன்னால் ஓட்டுநரும் அண்ணியும் மாமியாரும் உட்கார்ந்தால் அதற்குமேல் ஒரு குழந்தைக்குக்கூட இடமில்லை. நாத்தனாரைப் பின்னால் சாமான்களோடு ஏற்றினார்கள். அவள் சுற்றிலும் பார்த்து, ஓட்டை வாளியைத் தள்ளிவிட்டு, கறுப்பு உறை போட்ட முக்காலி உயரச் சாமான் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மேலே தட்டையாக, வசதியாகத்தான் இருந்தது. காலுக்குக் கீழே தொங்கிய சிவப்பு நாடா காற்றில் ஆடியது.

"வேண்டாத சாமானோட என்னையும் அனுப்பறீங்க இல்ல?" நடுவில் இருந்த ஜன்னல் வழியாகக் கத்தினாள். "எனக்கும் ஒரு நாடா கட்டிடுங்களேன்."

"கட்டியிருப்பேன். உன்னைப் பல்கலைக்கழகத்துல எடுத்துக்க மாட்டாங்க," என்றாள் அண்ணி.

பேராசிரியர் அம்மாவின் அறை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேஜைமேல் ஒரே ஒரு பேனா. அதுவும் மேஜை விளிம்புக்கு இணையாக வைக்கப்பட்டிருந்தது. அவர் எழுந்து கைகொடுத்துவிட்டு, மாமியாரைப் பார்த்ததும் வருத்தமான முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க மாப்பிள்ளை நல்ல மாணவர்தான். இப்படிச் செய்வார்னு நான் எதிர்பார்க்கலை."

"செஞ்சாரான்னு இன்னும் தெரியலை," என்றார் மாமியார் வெடுக்கென்று.

அண்ணி குறுக்கே புகுந்தாள். "உங்க நாடா உத்தி பிரமாதம் அம்மா. எப்படித் தொடங்கினீங்க?"

புகழ்ச்சி வேலை செய்தது. "ஒழுங்கு நாள்னு ஒண்ணு வச்சோம். கம்பெனியில அறை அறையா நானும் முதலாளியும் சேர்ந்தே போனோம். அவங்களுக்கு எதையும் விட மனசு வராது, பழைய ஆணியைக்கூட அணைச்சுக்கிட்டு நிப்பாங்க. நான்தான் விடக் கத்துக்கொடுத்தேன். அப்புறம் அவருக்கே ரோஷம் வந்துடுச்சு. அவர் ஒண்ணுல கட்டினா நான் ரெண்டுல கட்டுவேன். கடைசியில நான்தான் ஜெயிச்சேன். எங்க பின்னாடியே ஆளுங்க வந்து பெருக்கித் துடைச்சு அடுக்கிக்கிட்டே வந்தாங்க."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நாத்தனாரைப் பார்க்கவில்லை.

"அந்த ரெண்டு பூட்டு அறைக்கும் போனீங்களா?"

"எல்லா அறைக்கும்தான். அவர் சாவியை அவர் போட்டார், என் சாவியை நான் போட்டேன்."

"உள்ள என்ன இருந்தது?"

"ஒண்ணுமில்லை. கறுப்புத் துணி போட்டு மூடி ஏதோ பழைய தையல் மெஷின் மாதிரி ஒண்ணு. கம்பெனிச் சாமான், நமக்கு எதுக்குன்னு நாடா கட்டிட்டு வந்துட்டேன்." திடீரென்று ஏதோ புரிந்தவர்போல் பேராசிரியர் மேஜையைத் தட்டினார். பேனா உருண்டது. "கவனிச்சீங்களா? பேய்க்காற்று அப்பவே அங்க இல்லை! அதுக்கு முன்னாடியே திருடிட்டார்!"

இவ்வளவு படித்த ஒருவர் இவ்வளவு உறுதியாகத் தவறு செய்து நாத்தனார் அதுவரை பார்த்ததில்லை. வாயைத் திறந்தாள். அண்ணி அவள் காலை மிதித்தாள். மூடிக்கொண்டாள்.

"மெஷினை எப்பவாவது நேர்ல பார்த்திருக்கீங்களா அம்மா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"வரைபடத்துல பார்த்திருக்கேனே," என்றார் பேராசிரியர். "ரொம்ப நுணுக்கமா."

வெளியே வந்ததும் நாத்தனார் குசுகுசுத்தாள். "அண்ணி, அம்மா நீலம் கட்டியிருக்காங்க. அப்ப அது கம்பெனியிலேயே உருகிப்போயிருக்கும். மாமியார்கிட்ட எப்படிச் சொல்றது?"

அண்ணியின் முகமும் வாடித்தான் போயிருந்தது. ஒருவர் பல வருஷம் உட்கார்ந்து கட்டியது வாளியும் வாணலியுமாக ஆகியிருந்தால் திருடன் யார் என்று கண்டுபிடித்து என்ன லாபம்? பேசாமல் வேனை நோக்கி நடந்தார்கள். நாத்தனார் பின்பக்கம் ஏறப் போனவள் நின்றாள்.

நாற்காலியையும் வாளியையும் இறக்கிவிட்டு, நீல நாடா கட்டிய பழைய மேஜைவிசிறிகளை ஏற்றியிருந்தார்கள். அவளுடைய ஆசனம் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"இதை ஏன் இறக்கலை?" என்று ஓட்டுநரைக் கேட்டாள். "சிவப்புதானே கட்டியிருக்கு?"

"அந்தப் பக்கம் பாருங்கம்மா. நீலம் கட்டியிருக்கு. நீலம் இருந்தா இங்க இறக்க மாட்டாங்க."

"அப்ப கம்பெனியில இறக்கலாமே?"

"சிவப்பு கட்டியிருக்கே. அங்க எப்படி இறக்குவாங்க?" ஓட்டுநர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒழுங்கு நாள்ல இருந்து இது போகுது, வருது, போகுது, வருது. எனக்கென்னம்மா, வண்டி ஓடினா சரி. துணைக்கு ஆச்சு."

அண்ணி வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் சிவப்பு. அந்தப் பக்கம் நீலம். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு குபுக்கென்று வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ வழி முழுக்க எது மேல உட்கார்ந்துக்கிட்டு வந்தே?"

"அண்ணி!"

"மூச்சு விடாதே. பேராசிரியர் அம்மாவையும் இந்த வண்டியிலயே கூட்டிக்கிட்டுப் போவோம்."

பேராசிரியர் அம்மா வந்து, பின்னால் ஏறி, உட்கார இடம் தேடினார். நாத்தனார் ஓடிப்போய்த் தன் முந்தானையால் அந்தக் கறுப்பு உறையைத் தட்டித் துடைத்தாள். "இதுல உட்காருங்கம்மா. பாதி இடம் உங்களுக்கு உரிமையானது."

* * *

கம்பெனி முற்றத்தில் குழு ஏற்கெனவே வந்து காத்திருந்தது. குழுத் தலைவர், மூக்குக்கண்ணாடி அணிந்த சாந்தமான அம்மா ஒருவர், டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தொழிலாளர்கள் தங்கள் தங்கள் பாத ஓவியங்களை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். பாலம் ஓர் ஓரத்தில் நின்றிருந்தார். முதலாளி கையில் போன்.

"மெஷின் எங்கே?" என்று அண்ணியை மறித்தார். "இல்லைன்னா நான் போன் போடறேன்."

"போடுங்க. ஆனா ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி வண்டி அனுப்பச் சொல்லுங்க. திருடன் ஒருத்தன் இல்லை."

மாமியார் கைப்பையை இன்னும் இறுக்கினார். பாலம் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பூட்டு. உடைக்கலை. மாத்துச் சாவி வச்சிருந்தவர் ஊர்ல இல்லை, பெயிண்டர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். அப்ப அசல் சாவிதான். ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு அம்மாகிட்ட. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் அந்தக் கதவு திறக்கும்."

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா?" முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "இது நடக்கிற காரியமா?"

"நடக்கவே நடக்காது," என்றார் பேராசிரியர் வேனிலிருந்து இறங்கிக்கொண்டே.

"நானும் அதைத்தான் நினைச்சேன். ஊரே அப்படித்தான் நினைச்சிருக்கு. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரலை." அண்ணி வேன் பக்கம் கை காட்டினாள். "நாத்தனாரே, அம்மா உட்கார்ந்திருந்த ஆசனத்தைக் கொஞ்சம் இறக்கச் சொல்லு."

இறக்கினார்கள். நாத்தனார் உறையை உருவினாள். பலகை மூடியைத் தூக்கினாள். பேய்க்காற்று வெயிலில் மினுமினுத்தது. தொழிலாளர் பக்கமிருந்து ஒரு ஆரவாரம் எழுந்தது. பாலம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அண்ணி உறையைத் தூக்கிக் காட்டினாள். "சிவப்பு நாடா, முதலாளி கட்டினது. வேற யாரு கையும் படக்கூடாதே. நீலம், அம்மா கட்டினது. துணியைத் தூக்கி உள்ளே என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் பார்க்கலை. அவங்க சாமான்னு நீங்க நினைச்சீங்க, உங்க சாமான்னு அவங்க நினைச்சாங்க. ரெண்டு நாடாவும் கட்டினா எங்கே போகணும்னு உங்க உத்தியில ஒரு வார்த்தை இல்லை. அதனால அது எங்கேயும் போகலை. ரோட்டுலயே குடித்தனம் நடத்திக்கிட்டிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒப்பந்தம் போட்ட நாள்ல இருந்து நீங்க ரெண்டு பேரும் சண்டை இல்லாம சேர்ந்து செஞ்ச ஒரே வேலை, மெஷினைத் தூக்கிப் போட்டதுதான்."

முதலாளியின் முகத்தில் ஈ ஆடவில்லை. பேராசிரியர்தான் முதலில் சுதாரித்தார்.

"முதல்ல கட்டினது அவர்."

"முடிச்சை இறுக்கினது அவங்க!"

குழுத் தலைவர் டீயைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். மெஷின் ஓடுமா?"

ஒரு தொழிலாளி மின்கம்பியை இழுத்துவந்து செருகினார். முதலாளி பாய்ந்துபோய் ஒரு பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியர் இன்னொன்றை அழுத்தினார். அதுவும் இல்லை. இருவரும் திருதிருவென்று விழித்துவிட்டு, ஒரே நேரத்தில் பாலம் பக்கம் திரும்பினார்கள்.

பாலம் நகரவில்லை. "நான் மெஷினைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு இருக்குங்க."

"யார் போட்டது?" என்றார் குழுத் தலைவர்.

முதலாளி பேராசிரியரைக் காட்டினார். பேராசிரியர் முதலாளியைக் காட்டினார்.

"ரெண்டு பேரும் போட்ட பூட்டு," என்றாள் அண்ணி. "ரெண்டு பேரும்தான் திறக்கணும். எந்த ஆளுங்க முன்னாடி திருடன்னு சொன்னீங்களோ, அதே ஆளுங்க முன்னாடி."

முதலாளி தொண்டையைச் செருமி, சட்டைக் காலரிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டார். பேராசிரியரும் தன் செருப்பைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"காது கேக்கலை," என்றார் மாமியார்.

மறுபடி சொன்னார்கள். இந்தத் தடவை கடைசி வரிசையில் நின்ற சுமைத் தொழிலாளிக்கும் கேட்டது. அவர் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதித் தட்டலில் நின்றார்.

பாலம் வந்தார். இயந்திரத்தின் வயிற்றுப் பக்கம் கையை விட்டு எதையோ லேசாகத் திருகி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். பேய்க்காற்று உறுமிக்கொண்டு எழுந்தது. கம்பிக்கூட்டை விரித்தது, மடக்கியது, ஊதித் தள்ளியது. மோசமான ஒன்று பின்பக்கமாக மடங்கி, டங்கென்று தொட்டியில் விழுந்தது. குழுத் தலைவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி தைக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சே!" என்று சின்னப் பெண்போலச் சிரித்தார். இன்னொன்று போடுங்கள், இன்னொன்று போடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாத்தனாருக்கு ஏனோ கண் கரித்தது. "எண்ணெய் வாடை," என்றாள் அண்ணியிடம்.

"ஆமா ஆமா," என்றாள் அண்ணி. அவள் முந்தானையும் கண்ணில்தான் இருந்தது.

கூட்டம் கலைந்து எல்லோரும் உள்ளே போனபிறகு மாமியார் மட்டும் தயங்கித் தயங்கி மாப்பிள்ளையிடம் வந்தார். முதலாளியை ஒரு கை பார்க்க வந்தவர், இப்போது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

"நானும் ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. அவங்களைச் சொல்லி என்ன? நானும்தான் நம்பினேன். நேத்து பொண்ணோட துணிமணியெல்லாம் பெட்டியில எடுத்து வச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாது."

"தெரியுமே அத்தை," என்றார் பாலம், கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே. "பெட்டி பரண் மேல இருந்தது. உங்களுக்கு எட்டலை. நான்தானே இறக்கிக் கொடுத்தேன்?"

மாமியார் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, அந்த முற்றத்திலேயே நின்று விசும்பி விசும்பி அழுதார்.

"அழாதீங்க அத்தை," என்றார் பாலம். "சாயங்காலம் வந்து நானே திரும்ப ஏத்தி வச்சிடறேன்."